மைலோ பெட்டியில் வந்த பாடங்கள்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில், அம்மாவைப் பார்ப்பதற்காகப் பீடோங்கிற்குச் சென்றிருந்தேன். நான்கு நாள் தங்கிவிட்டுப் புத்ராஜெயாவுக்குத் திரும்புவதாக ஏற்பாடு. இரண்டு மூன்று உடைகளும் மடிக்கணினியும்தான் கையில் இருந்தன. மார்ச் 16ஆம் தேதி இரவு, அப்போதைய பிரதமர் டான் ஸ்ரீ முகிடின் யாசின் தொலைக்காட்சியில் தோன்றி, 18ஆம் தேதி முதல் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வரும் என்று அறிவித்தார். மறுநாளே கிளம்பியிருக்கலாம். வயதான அம்மாவைத் தனியே விட்டுவர மனம் வரவில்லை. மாநிலம் கடந்து செல்ல ஜூன் 10ஆம் தேதிதான் மீண்டும் அனுமதி கிடைத்தது. நான்கு நாள் மூன்று மாதமாக நீண்டது.

பீடோங், கெடா மாநிலத்தின் கோல மூடா மாவட்டத்தில், சுங்கைப்பட்டாணிக்கு வடக்கே உள்ள சிறிய பட்டணம். எங்கிருந்து பார்த்தாலும் ஜெராய் மலை தெரியும். பட்டணத்தைச் சுற்றிலும் தோட்டங்கள். ஹார்வார்ட் தோட்டம், சுங்கை தோக் பாவாங் தோட்டம் ஆகிய பெயர்களை அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் இன்றும் காணலாம். "நான் ஹார்வார்டில் படித்தவன்" என்று எங்கள் ஊர்க்காரர் யாராவது சொன்னால் வெளியூர்க்காரர்கள் அமெரிக்காவை நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

அம்மா பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். இன்னும் லயத்து வீட்டில்தான் இருக்கிறார். எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள். நடுவில் ஒரு மண்பாதையும் கால்வாயும். அப்போது பதினொரு வீடுகளில் மட்டுமே ஆட்கள் இருந்தார்கள். அவற்றுள் ஏழு வீடுகளில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தனர்.

நான் பாடத்திட்ட அதிகாரி. பள்ளிகள் மூடப்பட்டதும், இயங்கலை வழி பாடங்களை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்று தினமும் கலந்துரையாடல். உலகம் முழுவதும் ஏறத்தாழ 150 கோடி மாணவர்கள் வகுப்பறையை இழந்திருந்த நேரம் அது. எங்கள் வீட்டிலோ பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி அருகில் மட்டுமே இணையம் கிடைக்கும். கவிழ்த்து வைத்த வாளியின் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, "எல்லா மாணவர்களையும் சென்றடையும் பாடங்கள்" என்று நான் பேசிக்கொண்டிருப்பேன். பாதி வாக்கியத்தில் தொடர்பு அறுந்துபோகும்.

எதிர் வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவள் ஐந்தாம் படிவம், அந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுத வேண்டியவள். அடுத்தவன் இரண்டாம் படிவம். கடைசிப் பையன் நான்காம் ஆண்டு. மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு திறன்பேசி. அதுவும் அப்பாவுடையது. அவர் காலையில் செம்பனை வேலைக்குப் போகும்போது கொண்டுபோய்விடுவார். மதியம் அவர் வந்த பிறகுதான் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். சுவரில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருந்தார்கள். இரண்டிலிருந்து மூன்று வரை சின்னவன், மூன்றிலிருந்து நான்கரை வரை நடுவன், இரவு பத்துக்குமேல் அக்கா. காலையில் நடந்த வகுப்புக்கு, "இன்றும் வரவில்லை" என்ற குறிப்போடு அவள் பெயர் புலனக் குழுவில் வந்திருக்கும். அதை அவள் இரவு பத்து மணிக்குத்தான் பார்ப்பாள்.

ஏப்ரல் மாதம் கல்வி அமைச்சின் ஆய்வு முடிவு வெளிவந்தது. ஏறக்குறைய ஒன்பது இலட்சம் மாணவர்களைப் பற்றிய தகவல்கள் திரட்டப்பட்டிருந்தன. அவர்களுள் 36.9 விழுக்காட்டினரிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை. அந்த எண்ணைத் தண்ணீர்த் தொட்டி அருகில் நின்றுதான் வாசித்தேன். எதிர்வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கணக்கில்கூட வரமாட்டார்கள். அவர்களிடம்தான் ஒரு கருவி இருக்கிறதே!

என் தவற்றையும் இங்கே சொல்ல வேண்டும். இரண்டு வாரம் உழைத்து, பின்னணி இசையோடு ஒரு காணொலிப் பாடம் தயாரித்திருந்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கடைசி வீட்டில் ஐந்தாம் படிவம் படிக்கும் ஒரு பையன் இருந்தான். அவனுக்கு அதை அனுப்பிவைத்து, மறுநாள் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"தெரியல அத்தை. ராத்திரியெல்லாம் சுத்திக்கிட்டே இருந்துச்சு, திறக்கவே இல்ல. அம்மா போட்ட பத்து வெள்ளி தரவும் முடிஞ்சிருச்சு" என்றான்.

அவன் என்னைக் குறை சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னான். அதன்பிறகு, இரண்டு பக்கத் தாளில் அடங்காத எதையும் அந்த லயத்துக்காக நான் தயாரிக்கவில்லை.

அவர்கள் பள்ளியின் தமிழாசிரியை பீடோங் பட்டணத்திலேயே குடியிருந்தார். என் தாள்களையும் மற்ற ஆசிரியர்கள் அனுப்பிய பயிற்சிகளையும் அவர் தம் வீட்டில் அச்சிட்டார். ஆனால், அவற்றைக் கொண்டுவந்து கொடுப்பது எப்படி? அப்போது பொருள் வாங்க வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே செல்லலாம், அதுவும் பத்துக் கிலோமீட்டருக்குள். ஆசிரியைதான் ஒரு வழி கண்டார். எல்லா வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் கட்டாயம் போகும் இடம் மளிகைக் கடை. அங்கே அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு மைலோ பெட்டி வைக்கப்பட்டது. தாள்கள் அதில் வரும். எழுதி முடித்த தாள்கள் பக்கத்துப் பெட்டியில் திரும்பிப் போகும். தாளில் கிருமி ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று எல்லாரும் பயந்த காலம். கடை முதலாளி ஒவ்வொரு கட்டின் மீதும் தேதி எழுதி, இரண்டு நாள் வெயிலில் வைத்த பிறகே எடுக்க விடுவார். நான்காம் ஆண்டுப் பையனின் வரைபடத்தாள் ஒன்று அந்த வெயிலில் வண்ணம் வெளுத்துப் போனதாக எதிர்வீட்டில் ஒரு வாரம் புகார் இருந்தது.

பெட்டியை லயத்துக்குக் கொண்டுவந்தவன், என் காணொலியைத் திறக்க முடியாமல்போன அதே பையன்தான். அவன் அம்மா சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அது மூடிக் கிடந்தது. வீட்டுக்குச் சாமான் வாங்க மோட்டார் சைக்கிளில் போவது அவன் வேலை. போகும்போது திரும்பும் தாள்கள், வரும்போது புதிய தாள்கள். ஒவ்வொரு வீட்டின் வாசலிலும் ஓர் ஆணி அடித்து, நெகிழிப் பையில் போட்டு மாட்டிவிட்டு, "தாள் வந்திருச்சு!" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவான். யார் வீட்டுக்குள்ளும் நுழையமாட்டான். ஒருமுறை சாலைத் தடுப்பில் நின்ற காவலர் பையைத் திறந்து பார்க்கச் சொன்னாராம். கூடுதல் கணிதத் தாளை எடுத்துப் புரட்டிவிட்டு, "இதை நானும் படித்தேன், ஒன்றும் நினைவில்லை" என்று மலாயில் சொல்லிச் சிரித்து அனுப்பிவிட்டாராம்.

தாள் வந்தால் போதுமா? புரியாததை யாரிடம் கேட்பது? இதற்கு விடை கண்டது எந்த ஆசிரியரும் அல்லர், எந்த அதிகாரியும் அல்லர். எதிர்வீட்டு மூத்தவள் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியத்தையும் ஒரு பாடமாக எடுத்திருந்தாள். பாட நாவல் லயத்தில் ஒரே ஒரு படிதான் இருந்தது. ஒரு நாள் மாலை தன் வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்து அதை உரக்கப் படிக்கத் தொடங்கினாள். நான்கு வீடு தள்ளி இன்னொரு ஐந்தாம் படிவ மாணவி தன் அஞ்சடியில் உட்கார்ந்து கேட்டாள். கடைசி வீட்டுப் பையனும் கேட்டான். மறுநாள் சிறு பிள்ளைகளும் வந்து அவரவர் வாசலில் உட்கார்ந்தார்கள். யாரும் படியைவிட்டு இறங்கவில்லை. நடுவில் கால்வாய் ஓடிக்கொண்டிருந்தது.

நாவலில் 'வரப்பு' என்ற சொல் வந்தது. மூத்தவள் நிறுத்தினாள். அவளுக்கும் சட்டென்று பொருள் தெரியவில்லை. எங்கள் வீட்டு அஞ்சடியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "வரப்புன்னா பாத்தாஸ் ஆயி! வயக்காட்டுல நடந்து போற மேடு. யான் பக்கம் போனா ரெண்டு பக்கமும் அதானே?" கெடா முழுக்க நெல்வயல். பிள்ளைகள் எல்லாரும் வரப்பைப் பார்த்தவர்கள், அதன் மேல் நடந்தவர்கள். சொல்தான் மலாய்மொழியில் அவர்களிடம் இருந்தது.

அன்றிரவு அம்மா நெடுநேரம் பேசினார். அவர் சிறுமியாக இருந்தபோது தோட்டத்துக்குத் தமிழ் நேசன் நாளிதழ் ஒரே ஒரு பிரதிதான் வருமாம். படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். 1924இல் தொடங்கப்பட்ட அந்த நாளிதழ் 2019இல் நின்றுபோனது. "ஒரு புத்தகத்தை ஒரு லயமே படிக்கிறது எங்களுக்குப் புதுசா?" என்று கேட்டார்.

நாவல் முடிந்த பிறகும் அஞ்சடி வகுப்பு நிற்கவில்லை. கணிதம் கடைசி வீட்டுப் பையனின் பொறுப்பாயிற்று. கால்வாயைத் தாண்டி அவன் கத்துவான்: "எக்ஸை அந்தப் பக்கம் கொண்டுபோடா! குறி மாத்துனியா?" எதிர்வீட்டு நடுவன் பதிலுக்குக் கத்துவான்: "மாத்திட்டேன் அண்ணே! ஆனா விடை வரல!" இயற்கணிதத்தை அவ்வளவு சத்தமாக நான் வேறெங்கும் கேட்டதில்லை.

ஜூன் மாதம் நான் புத்ராஜெயாவுக்குத் திரும்பினேன். 24ஆம் தேதி தேர்வு எழுதும் மாணவர்களுக்காகப் பள்ளிகள் திறக்கப்பட்டன. அன்று மாலை அம்மா தொலைபேசியில் சொன்னார்: "கடைசி வீட்டுப் பையன் போகல." அவன் அம்மா வேலை செய்த தொழிற்சாலை ஆட்களைக் குறைத்துவிட்டது. அவன் சுங்கைப்பட்டாணியில் ஒரு பேரங்காடியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஆசிரியை இரண்டு முறை வீட்டுக்கு வந்து பார்த்தார். "நான் வீட்டுல உட்கார்ந்தா அரிசி யார் வாங்குவா டீச்சர்?" என்று கேட்டானாம். அவரால் பதில் சொல்ல முடியவில்லையாம். எனக்கும் பதில் தெரியவில்லை. பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை.

பதில் சொன்னவர்கள் லயத்து மக்கள்தாம். எதிர்வீட்டுக்காரர் தோட்ட நிருவாகத்திடம் பேசி, பையனின் அம்மாவுக்குச் செம்பனை நாற்றங்காலில் வேலை வாங்கிக் கொடுத்தார். மளிகைக் கடை முதலாளி, மாலையிலும் சனிக்கிழமையிலும் வந்தால் போதும் என்று பையனைத் தம் கடையிலேயே சேர்த்துக்கொண்டார். சம்பளம் பேரங்காடியைவிடக் குறைவு. குறைந்ததை ஈடுகட்டுவதற்கு மாதம் ஒரு மூட்டை அரிசி அவன் வீட்டு வாசலுக்கு வந்தது. யார் வீட்டுப் பணம் என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை. என் அம்மாவின் ஓய்வுக்காலச் சேமிப்பில் கொஞ்சம் குறைந்திருந்தது மட்டும் எனக்குத் தெரியும். ஆகஸ்டு மாதம் அவன் பள்ளிக்குத் திரும்பினான். ஏழு வாரப் பாடம் போயிருந்தது. இம்முறை மூத்தவள் கத்தினாள், அவன் கேட்டான்.

நவம்பர் 9ஆம் தேதி பள்ளிகள் மறுபடியும் மூடப்பட்டன. மைலோ பெட்டி மறுபடியும் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. 2020ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம். தேர்வு தள்ளிவைக்கப்பட்டு, 2021 பிப்ரவரி 22ஆம் தேதிதான் தொடங்கியது. அதற்கு முன்பே, 2020 ஜூன் மாதத்தில், சபாவின் பித்தாஸ் மாவட்டத்து மாணவி ஒருவர், இணையத் தேர்வு எழுதுவதற்காக மரத்தின் மேல் இரவைக் கழித்த கதை நாடறிந்தது. எங்கள் லயத்தில் யாரும் மரம் ஏறவில்லை. அதனால் யாரும் படம் பிடிக்கவும் இல்லை.

தேர்வு முடிவுகள் 2021 ஜூன் 10ஆம் தேதி வந்தன. அப்போது நாடு மீண்டும் முழு முடக்கத்தில் இருந்தது. பள்ளி மண்டபத்தில் கூடி, கட்டிப்பிடித்து அழுவதெல்லாம் அந்த ஆண்டு இல்லை. முடிவு திறன்பேசிக்கே வந்தது. பதினொரு மணிக்கு அம்மா அழைத்தார். பின்னால் தட்டுகளைத் தட்டும் சத்தம் காது பிளந்தது.

"பையன் எல்லாத்துலயும் தேறிட்டான்! மலாய், வரலாறு ரெண்டும் தேறிட்டான், சான்றிதழ் கிடைச்சிரும்! கணக்குல ஏ!" என்றார்.

"எதிர்வீட்டு மூத்தவ என்னம்மா ஆனா?" என்று கேட்டேன்.

"அவளுக்கென்ன, எட்டு ஏ. தமிழ்ல ஏ பிளஸ்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மறுபடியும் பையனின் கணிதத்துக்கே வந்தார். அன்று தட்டைத் தட்டத் தொடங்கியதே எட்டு ஏ வாங்கியவள்தானாம்.

இந்தப் பாடத்தை எழுதுவதற்கு முன் அந்தப் பையனை அழைத்து அனுமதி கேட்டேன். இப்போது அவன் வேலை பார்த்துக்கொண்டே ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கிறான்.

"எழுதுங்க அத்தை. ஆனா பேர் மட்டும் வேணாம். கடை முதலாளி படிச்சா என்னைய வச்சு ஒரு மாசத்துக்குச் சிரிப்பாரு" என்றான். பிறகு ஏதோ நினைவு வந்தவனாக, "மைலோ பெட்டின்னா எழுதியிருக்கீங்க? முதல்ல வச்சது பிஸ்கட் பெட்டி அத்தை. அது மழையில நனைஞ்சு கிழிஞ்ச பிறகுதான் மைலோ" என்றான்.