அன்புள்ள நிக்கிக்கு

போர்க்களத்தில் பிணங்கள் விழுந்துகொண்டிருந்த நாள்களிலும் அந்தக் கடிதங்களில் பேரரசர், மாட்சிமை என்ற அடைமொழி எதுவும் கிடையாது. மேலே நிக்கி. கீழே ஜார்ஜி. நடுவில் மசியில் ஓடும் ஆங்கில எழுத்து. பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜ், முதல் உலகப்போரில் தம் பக்கம் நின்ற ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸுக்குத் தம் கைப்பட எழுதியவை. மன்னருக்கு எழுத்து சரளமாக வராது. கடைசிவரை பள்ளிக்கூடப் பையனின் கையெழுத்துதான். சிரமப்பட்டு எழுதினார் என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

இருவரும் அக்கா தங்கை பிள்ளைகள். நம் முறையில் ஜார்ஜ் பெரியம்மா மகன், அண்ணன். டென்மார்க்கில், ஃப்ரெடன்ஸ்போர்க் அரண்மனையில், தாத்தா வீட்டுக் கோடைகளில் சேர்ந்து திரிந்தவர்கள். 1893இல் ஜார்ஜின் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாப்பிள்ளை எவர், தம்பி எவர் என்று குழம்பினார்களாம்; அப்படியொரு முகச்சாயல். கடைசியாகச் சந்தித்தது 1913 மே மாதம், பெர்லினில், இன்னொரு கல்யாணத்தில். அடுத்த ஆண்டு போர். பிறகு குரல் இல்லை, முகம் இல்லை, காகிதம் மட்டும். ஜெர்மனி குறுக்கே கிடந்ததால் ரஷ்யாவுக்குப் பெரும்பாலும் வடக்கே கடல் சுற்றித்தான் கப்பல் போகவேண்டும். பிரிட்டனின் போர் அமைச்சர் கிச்சனர் 1916 ஜூனில் அப்படிக் கிளம்பித்தான் கண்ணிவெடியில் கப்பலோடு மூழ்கினார்.

அப்பா ராணுவத்தில் இருந்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவை நீல இன்லேண்டு கடிதங்கள். '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவ அஞ்சலக முகவரி. அவர் எந்த எல்லையில் இருக்கிறார் என்று அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தபால்காரரின் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டதும் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வருவாள். மடித்து ஒட்டுகிற ஓரத்தில்கூட அப்பா நெருக்கி எழுதியிருப்பார். அம்மா எங்களுக்காக உரக்கப் படிப்பாள், பாதியில் குரல் தணியும், மீதியை மனசுக்குள் படித்துக்கொள்வாள், அந்த மீதியில் என்ன இருந்தது என்று கேட்க எங்களுக்குத் தைரியம் வந்த காலத்தில் அவள் இல்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மீதி இருந்திருக்கும்.

இப்போது கைப்பேசியில் பிள்ளைகள் முகம் பளிச்சென்று தெரிகிறது. அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்ததா என்று கவலை இல்லை. நீல டிக் சொல்லிவிடும். அழைப்பு முடிந்தபின் எடுத்துத் திரும்பப் படிக்கத்தான் ஒன்றும் இருப்பதில்லை.

1917 மார்ச் 15 அன்று நிக்கோலஸ் முடி துறந்தார். நான்கு நாளில் ஜார்ஜ் ஒரு தந்தி அடித்தார்: என்றும் உன் நண்பன் என்ற பொருளில். அது மொகிலேவ் படைத்தலைமையகம் போய்ச் சேர்ந்தபோது நிக்கோலஸ் அங்கிருந்து கிளம்பிவிட்டிருந்தார். ரஷ்யாவின் இடைக்கால அரசு அதை அவரிடம் கொடுக்கவே இல்லை. அடைக்கலம் தருவதாக பிரிட்டிஷ் அரசு சொல்லியிருந்தது. ஆனால் ஏப்ரலுக்குள் மன்னருக்குத் தம் சிம்மாசனத்தைப் பற்றியே பயம் வந்துவிட்டது. அவருடைய அந்தரங்கச் செயலாளர் ஸ்டாம்ஃபர்டாம், வெளியுறவு அமைச்சர் பால்ஃபருக்கு எழுதினார். அழைப்பைக் கைவிடுங்கள் என்று. 1918 ஜூலை 17, எகடெரின்பர்க்: நிக்கோலஸும் குடும்பமும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவ்வளவுதான்.

பழியை வெகுகாலம் சுமந்தவர் பிரதமர் லாயிட் ஜார்ஜ். மன்னரின் பங்கை 1983இல் கென்னத் ரோஸ் தம் நூலில் விரிவாக எழுதிய பிறகுதான் ஊர் நம்பியது.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த மறுப்பு மட்டும் மன்னரின் கையால் எழுதப்படவில்லை. 'அன்புள்ள நிக்கி, நீ வரவேண்டாம்' என்று தாமே எழுத உட்கார்ந்திருந்தால் முடித்திருப்பாரா? முதல் வரியிலேயே ஃப்ரெடன்ஸ்போர்க் வந்து நின்றிருக்கும். செயலாளரிடம் சொல்வது சுலபம். இந்த வருஷம் பொங்கலுக்கு வரமுடியாது என்று பிள்ளைகள் எனக்குத் தட்டச்சில்தான் அனுப்பினார்கள். நானும் 'பரவாயில்லை' என்று தட்டச்சிலேயே அனுப்பினேன்.