பன்னண்டு மரக்கால் வலி

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஒரு தடவையாவது காத்துக் கிடக்காதவர் டெல்டாக்காரராக இருக்க முடியாது. பாசஞ்சர் போகும், நெல் மூட்டை ஏற்றின கூட்ஸ் போகும், கடைசியில் ஒற்றை எஞ்சின் ஒன்று பராக்குப் பார்த்தபடி போகும். கேட் திறக்காது. எல்லோரும் ரயில்வேயைத் திட்டுவார்கள். 2022-ல் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் மட்டும், கேட் மூடினால் உள்ளூரச் சந்தோஷப்பட்டான். அடியேன்தான்!

காரணம், கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடு. வீட்டில் அப்பா.

வெற்றிலை, புகையிலையோடு ஐம்பது வருஷ சிநேகிதம் அவருக்கு. கன்னத்தில் புற்றுநோய். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், "இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்கு அழைச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவிடம், "புண்ணுதான், ஆறிடும்" என்று சொல்லி வைத்தோம். ராத்திரி முழுக்க முனகல். புண்ணின் வாடைக்குப் பயந்து திண்ணைக்கு வருகிறவர்களும் நின்றுபோனார்கள். நானோ ஆபீஸில் இல்லாத ஃபைலையெல்லாம் தேடிப் பார்த்துவிட்டு லேட்டாகக் கிளம்புவேன். அதற்கும் மேலே கேட் பத்து நிமிஷம் கொடுத்தால் லாபம்!

அப்போதுதான் அந்த நர்ஸ் வந்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வலி நிவாரண சிகிச்சைக்கென்று வீட்டுக்கே வருகிற நர்ஸ். வந்ததும் ஊசி எடுப்பார் என்று பார்த்தால், ஸ்டூலை இழுத்துப் போட்டு அப்பா முகத்துக்கு நேரே உட்கார்ந்தார்.

"ஐயா, வலி பத்துக்கு எவ்வளவு இருக்கும்?"

அப்பா யோசித்தார். "பத்து என்ன கணக்கு தாயி? கலத்துக்குப் பன்னண்டு மரக்கால்ல?"

"சரி, பன்னண்டுக்கே சொல்லுங்க."

"பதினொண்ணு."

நர்ஸ் சிரிக்காமல் குறித்துக்கொண்டார். அடுத்து, "உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்றார். எனக்குப் பகீரென்றது. அப்பா என்னைப் பார்த்தபடியே சொன்னார்: "புத்துநோய். இவங்களுக்குத் தெரிஞ்சா பயப்படுவாங்கன்னு சொல்லலை."

வாசலில் நர்ஸைக் கேட்டேன். "ஊசி போட நர்ஸிங் படிக்கும்போதே கத்துக்கிட்டோம் சார். இந்த டிரெயினிங்ல உட்காரவும் கேட்கவும் கத்துக்கொடுத்தாங்க" என்றார்.

டாக்டர் மார்பின் மாத்திரை எழுதினார். "போதை மருந்தாச்சே, பழகிடாதா?" என்று இழுத்தேன். புற்றுநோய் வலிக்கு அளவாகக் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம். வலி வந்த பிறகு ஓடுவதல்ல, வருவதற்கு முன்பே நாலு மணிக்கொருதரம் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். ராத்திரி படுக்கும்போது டாக்டர் சொன்னபடி கூடுதலாகக் கொடுத்தால் நடுராத்திரி எழுப்ப வேண்டாம். மலச்சிக்கல் வரும், முதல் நாளிலிருந்தே அதற்கும் மருந்து... அம்மாவையும் என்னையும் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். மறுநாள் ஒப்பிக்கச் சொன்னார். அம்மா பாஸ். நான் அரியர்ஸ்!

இந்தக் கடிகாரக் கணக்கை உலகத்துக்கு வற்புறுத்திச் சொன்னவரும் நர்ஸாக இருந்தவர்தான். லண்டன் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாகி, சமூக சேவகியாகி, பிறகு டாக்டருக்கும் படித்து, 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற நிலையத்தைத் திறந்தார். நம் நாட்டில் 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் மார்பின் பல ஆஸ்பத்திரிகளை விட்டே காணாமல் போனது. 2014 திருத்தம்தான் வழியைக் கொஞ்சம் லேசாக்கியது. பக்கத்துக் கேரளத்தில் 1993-லேயே கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். நர்ஸ்களும் தொண்டர்களும் வீடு வீடாகப் போகிற வழக்கம் அங்கே வேரூன்றியது. மருந்து சட்டைப்பையில் அடங்குகிற மாத்திரைதான். அதைக் கொடுக்கத் தெரிந்த ஆள்தான் அபூர்வம்.

புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவக் கற்றுக்கொடுத்தார். சில நாளில் வாடை அடங்கியது. எதிர்வீட்டு மாமா பேப்பரோடு திண்ணைக்கு வந்துவிட்டார்!

வலி மூணு மரக்காலுக்கு இறங்கியது. அப்பா பேச ஆரம்பித்தார். மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரிகிற இடத்தில் சின்ன வயசில் அடித்த நீச்சல், யாருக்கு எவ்வளவு பாக்கி, அம்மாவைத் தனியாக விட்டுவிடாதே... இரண்டு மாதம் பேசினார். முப்பது வருஷத்தில் நாங்கள் அவ்வளவு பேசினதில்லை.

அந்த நாட்களில் கேட் மூடினால் எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! கடலைக்காரர்கூட, "சார் இப்பல்லாம் ரொம்ப அவசரப்படுறீங்களே?" என்றார். ஆறு மணி மாத்திரை என்று அவரிடம் எப்படி விளக்குவது?

அப்பா தூக்கத்திலேயே போனார். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அந்த நர்ஸ் மறுபடி வந்தார். "நோயாளிதான் இல்லையே சிஸ்டர்?" என்றேன்.

"நீங்க இருக்கீங்களே" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.