எழுதாத கணக்கு

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் டன்லப் தெருவில், ஒரு கடைவீட்டின் மாடியில் என் பழைய மாணவர் ஒருவர் கணக்காய்வு அலுவலகம் நடத்துகிறார். சென்ற தீபாவளிக்கு முந்திய வாரம் அவரைக் காணச் சென்றேன். தேக்கா முழுவதும் விளக்கொளி. அவர் முகத்தில் மட்டும் ஒளியில்லை. ஊழியர் இருவருக்கும் சம்பளம் கொடுக்கக் கையில் பணமில்லை என்றார்.

"வேலை வரவில்லையா, தம்பி?"

"வேலைக்குக் குறைவில்லை ஐயா. செய்த வேலைக்குப் பட்டியல் அனுப்பவில்லை."

அவர் விளக்கியது எனக்குப் புதுப்பாடம். மளிகைக் கடைக்காரர் சரக்குக் குறைவதைக் கண்ணால் காண்கிறார். கணக்கரும் வழக்கறிஞரும் விற்பதோ நேரம்; அது கரைவது தெரியாது. ஆகவே பல நிறுவனங்களில் ஒரு மணியைப் பத்தாகப் பகுத்து, ஆறு நிமிடக் கணக்கில் பணியைக் குறித்து வைக்கிறார்கள். முடித்தும் பட்டியலிடாத பணி ஏட்டில் சொத்தாக நிற்கலாம், சம்பளத்திற்கு உதவாது. கடனுக்கு வழக்குத் தொடரச் சிங்கப்பூர்ச் சட்டம் பொதுவாக 6 ஆண்டுகள் இடந்தருகிறது. வாடிக்கையாளரின் நினைவு அத்தனை காலம் இடந்தருவதில்லை. வாடகை வண்டி, நகல், தபால் என்று செலவழித்த சில்லறையோ, ரசீது தொலைந்த அன்றே நட்டமாகிறது.

செலவிலும் இருவகை உண்டாம். வாடிக்கையாளரின் முகவராக நின்று அவருக்காகக் கட்டிய தொகையைத் திரும்பப் பெறுகையில் பொருள், சேவை வரி இல்லை. தம் பணிக்கெனச் செய்த செலவை வசூலித்தால், வரிக்குப் பதிந்த நிறுவனம் பொதுவாக அவ்வரியையும் சேர்க்க வேண்டும். 2024 முதல் அது 9 விழுக்காடு. இரண்டையும் கலந்து எழுதினால் குழப்பமே மிஞ்சும்.

பேச்சினிடையே அவர் குறிப்பேட்டைப் புரட்டினேன். நிலுவையில் முதற்பெயர் எங்கள் பழைய மாணவர் சங்கம்! மூன்றாண்டுக் கணக்கைப் பார்த்துத் தரும்படி கேட்டவன் நானே.

"ஆசிரியரிடம் எப்படி ஐயா கேட்பது?" என்றார்.

நாணித் தலைகுனிந்தேன். நடத்திய பாடத்தை அன்றன்றே பணிக்குறிப்பில் எழுத வேண்டுமென்று ஆசிரியர் பயிற்சியில் கற்றவன் நான். மாணவருக்கோ, ஊதியம் கேட்பது இழிவு என்னும் கூச்சத்தையே கற்பித்திருந்தேன்.

அவ்வாரமே சங்கம் அவர் செலவைத் தீர்த்தது. ஊதியம் வேண்டாமென்றார். "அப்படியானால், முழுத் தொகையையும் எழுதி, அதன் கீழே கழிவென்று காட்டுங்கள், தம்பி" என்றேன். எழுதிக் கழித்தால் அது கொடை. எழுதாமல் விட்டால் வெறும் மறதி.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அவர் பட்டியல் அனுப்பிவிடுகிறார்.