மலை ஏறாத மன்றோ

சென்னைத் தீவுத்திடல் பக்கம் போகிறவர்கள் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு துரையைப் பார்த்திருப்பார்கள். குதிரைக்குச் சேணமும் கிடையாது, அங்கவடியும் கிடையாது. அவர்தான் சர் தாமஸ் மன்றோ. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலையைப் பற்றி எழுதப் புகுந்தவன் சென்னைச் சிலையைப் பிடித்துக்கொண்டானே என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். கல்வராயன் மலைக்குப் போய்வந்த நாளிலிருந்து எனக்கு அந்தத் துரையின் ஞாபகமாகவே இருக்கிறது.

மன்றோ ஸ்காட்லாந்துக்காரர். 1761-ல் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தகப்பனார் அமெரிக்காவோடு வியாபாரம் செய்தவர். அங்கே சுதந்திரப் போர் மூண்டதும் வியாபாரம் படுத்துவிட்டது. பையன் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து, 1780-ல் சென்னையில் வந்து இறங்கினான். ஹைதர் அலியோடு நடந்த சண்டையில் துப்பாக்கி தூக்கினான்.

1792-ல் சேலமும் பாராமகாலும் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனி கைக்கு வந்தன. ரீட் என்ற அதிகாரியின் கீழ் வரி வசூலுக்கு மன்றோவைப் போட்டார்கள். ஏழு வருஷம் கூடாரமும் குதிரையுமாக ஊர் ஊராகச் சுற்றினார். வயலை அளப்பது, குடியானவனைக் கூப்பிட்டுப் பேசுவது, பேரேட்டில் எழுதுவது, இதுதான் வேலை. அந்த அலைச்சலில் அவருக்கு ஒரு கொள்கை பிறந்தது. உழுகிறவனுக்கும் சர்க்காருக்கும் நடுவில் ஜமீன்தாரோ குத்தகைக்காரனோ எதற்கு? நிலத்தை அளந்து தீர்வையைக் கட்டு; அவன் பெயரையே எழுது; அவனே வந்து செலுத்தட்டும். இதுதான் ரயத்துவாரி.

மேலிடத்தில் இது எளிதில் செல்லுபடியாகவில்லை. 1802-க்குப் பிறகு அவர் பாடுபட்ட சேலம் ஜில்லாவையே மிட்டா மிட்டாவாகக் கூறுபோட்டு ஏலம் விட்டுவிட்டார்கள். மன்றோ தேர்தலில் நின்று ஓட்டுக் கேட்டவரல்ல. ஆனால் அரசியல்வாதியின் வேலையை நன்றாக அறிந்தவர். 1807-ல் சீமைக்குத் திரும்பி, கம்பெனி டைரக்டர்களை விடாமல் வாதாடி மசிய வைத்தார். 1813-ல் பார்லிமெண்டில் சாட்சி சொல்லும்போது, நாகரிகத்தை இரண்டு தேசங்களுக்கும் நடுவே வியாபாரச் சரக்காக்கினால் இறக்குமதியில் லாபம் இங்கிலாந்துக்குத்தான் என்று முகத்துக்கு நேரே சொன்னார். 1820-ல் சென்னை கவர்னரானார். ரயத்துவாரியும் நிலைத்தது. 1827-ல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார்.

அவரைத் தெய்வமாக்க எனக்கு உத்தேசமில்லை. நடுவிலிருந்த ஜமீன்தார் போன இடத்தில் தாசில் சிப்பந்தி வந்து உட்கார்ந்துகொண்டான். தீர்வையும் கடுமை. வரிக்காகக் குடிகளைச் சித்திரவதை செய்வது உண்மைதான் என்று 1855-ல் ஒரு விசாரணைக் கமிஷனே எழுதி வைத்தது. ஆனாலும் பேரேட்டில் தன் பெயர் ஏறியிருப்பது குடியானவனுக்குச் சாமானிய விஷயமல்ல. பெயர் இருந்தால்தானே வழக்காடலாம்!

இனி மலைக்கு வருகிறேன். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பஸ்ஸில், கோமுகி அணை கீழே சிறுத்துக்கொண்டே போகிறது. மேலே மரவள்ளிக் காடு, கடுக்காய் மரம், மலையாளிக் குடிகளின் சிற்றூர்கள். கீழே கள்ளக்குறிச்சிச் சமவெளியில் பட்டாவும் கிஸ்தியும் தலைமுறை தலைமுறையாகப் பழகிப்போன சங்கதிகள். மலைமேல் கதை வேறு. அங்கே சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள். கிருஷ்ணதேவராயர் கொடுத்த மானியம் என்பது வழிவழியாகச் சொல்லும் பேச்சு. மன்றோவின் சட்டம் அந்த மலையடிவாரத்தோடு நின்றுவிட்டது.

வெள்ளைக்காரன் போனான். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1963-ல் இனாம் எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் சட்டம் வந்தது. மன்றோ செத்து நூற்று முப்பத்தாறு வருஷங்களுக்குப் பிறகு சட்டத்தின் பெயரிலேயே அவருடைய கொள்கை! அதன்மேலும் கோர்ட்டு வழக்கு நடந்து, மலை சர்க்கார் கைக்கு முழுசாக வந்தது 1976-ல்தான்.

வெள்ளிமலையில் டீக்கடைப் பெஞ்சில் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஜாகீர் காலத்தில் அவர் இளவட்டம்.

"அப்ப வரி கட்டினதுக்குச் சீட்டு உண்டா, பெரியவரே?" என்றேன்.

"சீட்டா? குடுத்தது குடுத்ததுதானுங்க. எங்க பேரை எவரு எழுதினாரு?"

"இப்போது?"

"கொஞ்சம் நிலத்துக்குப் பட்டா இருக்குது. மேலண்டைக் கொல்லைக்கு இல்லை. அது காடுன்னு சொல்றாங்க. எங்க பாட்டன் கிழங்கு நட்ட பூமிங்க. எழுதிக் குடுத்திருக்கோம், வருமுன்னு சொல்லியிருக்காங்க."

அவர் குரலில் கோபமில்லை. அதுதான் என்னை உறுத்தியது. கோபப்படுவதற்குக்கூட எதிரே ஓர் ஆள் வேண்டும் அல்லவா? முன்பு ஜாகீர்தார் இருந்தார். இப்போது மனு இருக்கிறது. அது மலையிறங்கிப் போய் எந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறதோ!

குடியானவனுக்கும் சர்க்காருக்கும் நடுவே ஆள் கூடாது என்றார் மன்றோ. நல்ல வார்த்தை. ஆனால் நடுவிலிருந்தவர் போனபின் சர்க்கார் மலையேறி வர வேண்டும். குடியானவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வயலை அளந்து, பெயரை எழுத வேண்டும். பாராமகாலில் ஏழு வருஷம் மன்றோ செய்த காரியம் அதுதான். அவருடைய சட்டம் மலையேற 1976 வரை ஆயிற்று. அவருடைய அந்தக் குணமும் ஏறி வந்தால், பெரியவரின் மேலண்டைக் கொல்லைக்கு அவர் காலத்திலேயே ஒரு பதில் கிடைக்கும்.