பத்து மணி வரைக்கும் பைப்லைன்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒட்டுப்பால் ஸ்டோர் பக்கம் பிள்ளைகள் யாரும் போகமாட்டார்கள். நாற்றம் அப்படி. சட்டையில் ஏறினால் துவைத்தாலும் லேசில் போகாது. ஆனால் 1964, 65 வாக்கில் பொழுது சாய்ந்தால் நான் அங்கேதான் கிடப்பேன். பெரியம்மா மகன் அண்ணன் அங்கே கித்தார் வாசிப்பார்.

அண்ணன் ஈப்போவில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தார். அடகுக்கடையில் மூழ்கிப்போன ஜப்பான் எலெக்ட்ரிக் கித்தார் ஒன்றை வாங்கி, கோணிச்சாக்கில் சுற்றி, சுங்கை சிப்புட் வரை பஸ்ஸிலும் அப்புறம் செம்மண் சடக்கில் சைக்கிளிலுமாகக் கொண்டுவந்து சேர்த்தார். பெரியம்மா கொஞ்ச நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆம்ப்ளிஃபயருக்குக் காசு ஏது? அந்தக் கால வால்வு ரேடியோவின் முதுகில் கிராமபோன் செருக இரண்டு துளை இருக்கும். கித்தார் ஒயரை அதில் சொருகினால் ரேடியோவே பாடும். ஸ்டோரில் பிளக் கிடையாது, ஒரே ஒரு பல்புதான். அதைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரிலிருந்துதான் கரண்ட் எடுப்பார். அதனால் வாசிப்பெல்லாம் இருட்டில். டயலின் மஞ்சள் வெளிச்சத்தில் அவருடைய வலது கை மட்டும் தெரியும். உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அமுக்கிக்கொண்டு, பிக்கை மேலும் கீழுமாக ஓட்டுவார். டுகுடுகுடுகு என்று தரையே அதிரும். பத்து மணிக்குத் தோட்டத்து ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். வால்வு ரேடியோ சட்டென்று ஓயாது. மெட்டு எந்த இடத்தில் இருந்ததோ அங்கிருந்தே முனகி முனகி அடங்கும். மீதியை நாளைக்குத்தான் கேட்கவேண்டும்.

அத்தனை இடம் இருக்க அந்த நாற்றக் கிடங்கு எதற்கு? எதிரொலிக்காகத்தான். கலிபோர்னியாவில் ஃபெண்டர் கம்பெனி 1961இல் ஸ்பிரிங் வைத்த ஒரு பெட்டி போட்டது. கித்தார் ஒலி அந்த ஸ்பிரிங்குகளுக்குள் புகுந்து அதிர்ந்து, தண்ணீரில் நனைந்த மாதிரி வெளியே வரும். கடற்கரைப் பையன்களின் சர்ஃப் இசை என்றால் அந்த ஈரம்தான். எங்களுக்கு ஈரத்தைக் கொடுத்தது சிமெண்டுத் தரையும் தகரக் கூரையும்.

மெட்டுகளெல்லாம் ரேடியோவில் ஆங்கில நிகழ்ச்சிகளைக் கேட்டுப் பிடித்தவை. ஷேடோஸ் குழு 1960இல் வெளியிட்ட ‘அப்பாச்சி’தான் எல்லாருக்கும் அரிச்சுவடி. அவர்கள் 1961இல் கிளிஃப் ரிச்சர்டோடு சிங்கப்பூருக்கு வந்து போனதும், இந்தப் பக்கமெல்லாம் மூன்று கித்தார், ஒரு டிரம் என்று பையன்கள் கிளம்பிவிட்டார்கள். மலாய்க்காரர்கள் அதைக் குகிரான் என்றார்கள். சிங்கப்பூர் குவெஸ்ட்ஸ் குழுவின் ‘ஷாண்டி’ 1964இல் வந்தது. ஒரு வார்த்தை பாட்டு இல்லாத அந்தத் தட்டு, அங்கே பட்டியலில் முதலிடத்திலிருந்த பீட்டில்ஸையே இறக்கிவிட்டது. அந்தக் குழுவில் கித்தார் வாசித்த ரெஜி வர்கீஸ், பெயரை வைத்தே எங்களுக்கு ‘நம்ம ஆள்’ ஆகிவிட்டார். அண்ணனோடு தாளத்துக்கு நின்றது லாரி டிரைவர் மகன் மலாய்ப் பையன். சீனர் மளிகைக் கடைப் பையன் பிஸ்கட் டின்களைத் தட்டினான். பாட்டு என்று வந்திருந்தால் எந்த மொழியில் என்ற சண்டை வந்திருக்கும்.

சர்ஃப் கித்தார்க்காரர் டிக் டேலின் ‘மிசிர்லூ’வை மட்டும் அண்ணன் பயந்து பயந்து வாசிப்பார், அவ்வளவு வேகம். திருவிழாவுக்கு ஈப்போவிலிருந்து வந்த நாகஸ்வரக்காரர் ஒருவர் ஸ்டோர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, “இது மாயாமாளவகௌளைடா தம்பி, சரளி வரிசை ராகம். ஏன் இப்படித் தலைதெறிக்க ஓடுறே?” என்றார். அவர் சொன்னது சரிதான். கிழக்கு மத்தியதரைக்கடல் பக்கத்துப் பழைய மெட்டு அது, அதே சுரங்கள். டிக் டேலின் அப்பா லெபனான் வழி வந்தவர். அமெரிக்கக் கடற்கரைக்கு அந்த மெட்டு அந்த வழியாகத்தான் போயிற்று. அண்ணனுக்கு அன்றிலிருந்து பயம் போய்விட்டது.

கடலை நான் முதலில் பார்த்தது லூமூட் பக்கம் தெலுக் பாத்தேக்கில், பள்ளிக்கூடச் சுற்றுலாவில். அத்தனை நாள் கேட்ட டுகுடுகுவுக்கு ஆளுயர அலையை எதிர்பார்த்துப் போனேன். அங்கே தண்ணீர் ஈயக் குட்டை மாதிரி கிடந்தது. இந்தியப் பெருங்கடலின் அலையைச் சுமத்ரா மறித்துக்கொள்கிறது என்று வாத்தியார் மணலில் படம் போட்டுக் காட்டினார். எனக்கென்னவோ ஒட்டுப்பால் ஸ்டோரே மேல் என்றிருந்தது. இன்றைக்கும் சர்ஃப் கித்தாரைக் கேட்டால் மூக்கில் ஏறுவது உப்புக் காற்றல்ல, அந்த நாற்றம்தான்.

மாரியம்மன் திருவிழாவில் நாடகத்துக்கு வேஷம் கட்டி முடிக்கிற வரை வாசிக்கலாம் என்று கோயில் தலைவர் அண்ணனுக்கு இடம் கொடுத்தார். சாண்டேஸ் பையன்களின் ‘பைப்லைன்’. ஹவாயில் அலை உருண்டு விழும் ஓரிடத்தின் பெயரில் வந்த மெட்டு. உறுமி மேளக்காரர்கள்கூட எழுந்து வந்து நின்றார்கள். முடிந்ததும் முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பாட்டி கேட்டாள்: “என்ன படத்துப் பாட்டுய்யா இது?”

“இன்னும் வரல பாட்டி.”

பாட்டி விடவில்லை. தோட்டத்தில் திரை கட்டிப் படம் போடும்போதெல்லாம், இதுதானா அந்தப் படம் என்று ஆபரேட்டரைப் போய்க் கேட்பாள்.