சாப்பிடும்போது எழுப்பாதீர்கள்



போன வாரம் நான் போட்ட பறவைப் படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இத எப்படி எடுத்தீங்க? சேத்துல படுத்துக்கிட்டா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். என் முழங்காலின் லட்சணம் தெரிந்த நாத்தனார் மட்டும் சிரிப்பு பொம்மை போட்டிருந்தார். எப்படி எடுத்தேன் என்று சொல்கிறேன். அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பறவையின் பெயர் கொசு உள்ளான். உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலைவிடக் குட்டை, 13 சென்டிமீட்டர்தான் இருக்கும். எடை சுமார் 25 கிராம். வடதுருவத்தை ஒட்டிய சைபீரியப் பகுதிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன்பே கிளம்பி நம் வேதாரண்யம் உப்பளங்களுக்கும் கோடியக்கரைச் சதுப்புக்கும் வந்துவிடும். வெயில் ஏறும் சித்திரைவாக்கில் திரும்பிவிடும். முப்பது வருடம் கரும்பலகையில் சைபீரியாவை வரைந்து காட்டியிருக்கிறேன். அங்கிருந்து வந்தவர்கள் ஊர் எல்லை உப்பளத்தில் மேய்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

2016இல் ஓய்வு பெற்றேன். சும்மா உட்கார்ந்திருந்தால் உடம்பு கெட்டுவிடும் என்று மகள் ஒரு ஜூம் கேமரா வாங்கித் தந்தாள். சரணாலயத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அதனால் உப்பளத்தில் மேற்பார்வை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவரிடம் சொல்லிவிட்டு, அங்கே வரப்பில் இறங்கினேன்.

முதல் வருடம் நான் செய்ததெல்லாம் தப்பு. நின்றுகொண்டே எடுத்தால் பறவையின் முதுகும் சேறும்தான் விழுந்தன. கிட்டே போனால் சரியாக வரும் என்று நடந்தேன். கூட்டம் மொத்தமாக எழும்பி, ஒரு வட்டம் அடித்து, அடுத்த பாத்தியில் இறங்கும். நானும் அங்கே போவேன். மறுபடியும் எழும்பும். ஒருநாள் நாலாவது தடவை எழுப்பியபோது, உப்பு வாரிக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"ஏன் டீச்சர், அதுங்க இரை தின்னத்தானே வந்திருக்கு? வாயில வைக்க விடாம எழுப்பி எழுப்பி விடுறீங்களே?"

பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிறகு படித்துப் பார்த்தேன். ஊர் திரும்பும் முன்பு இந்தப் பறவைகள் நிறையத் தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. அதுதான் பயணத்துக்கு எரிபொருள். ஒவ்வொரு முறை நாம் எழுப்பும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் வீணாகிறது, தின்னும் நேரமும் போகிறது. அந்த அம்மா சொன்னது அத்தனையும் சரி.

இப்போது நான் நடப்பதில்லை. விடிவதற்கு முன்பே போய், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி வரப்பின் ஓரம் உட்கார்ந்துவிடுவேன். பழைய மஞ்சப்பையில் மணல் நிரப்பித் தரையில் வைத்து, அதன்மேல் கேமரா. திரையை மேல்பக்கமாகத் திருப்பிக்கொண்டால் படுக்க வேண்டாம். கேமரா பறவையின் கண் மட்டத்துக்கு இறங்கினால்தான் பின்னணி கரைந்து, தண்ணீரில் நிழல் முழுதாகத் தெரியும். நிழலுக்கும் சேர்த்துப் படத்தின் அடியில் இடம் விட வேண்டும். நிற்காமல் ஓடி ஓடிக் கொத்துவதால் ஷட்டர் 1/1600 நொடியாவது வேண்டும். கறுப்புச் சேற்றின் நடுவே வெள்ளை வயிறு வெளுத்துப் போகாமலிருக்க வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுவேன்.

அதன்பிறகு செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. அசையாமல் இருப்பதுதான் வேலை. அரைமணி நேரம் போனால், மேய்ந்துகொண்டே அவையே வரும். போன வாரப் படத்தில் இருப்பது ஆறேழு அடி தூரத்தில் நின்றது. அது என்னை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

இனி அந்த இன்னொன்று.

1989. ஐந்தாம் வகுப்பு. மத்தியானம் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சத்துணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் மூன்று நாளாக வீட்டுப்பாடம் எழுதவில்லை. காலையில் தாமதமாக வந்ததால் கேட்க முடியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவனை எழுந்து நிற்கச் சொல்லி, எல்லார் முன்னாலும் கேட்டேன். தட்டு கையிலேயே இருந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான்.

அதற்குப் பிறகு அவன் பள்ளியில் சாப்பிடவே இல்லை. மத்தியானம் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறான் என்று நினைத்தேன். அப்பா, அம்மா இரண்டு பேரும் உப்பளத்து வேலை, பகலில் அந்த வீட்டில் அடுப்பே எரியாது என்பது வருடக் கடைசியில்தான் தெரிந்தது. ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டான். நான் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிள்ளையிடம் போய் டீச்சர் மன்னிப்புக் கேட்பதா என்று அந்த வயதில் ஒரு எண்ணம்.

உப்பளத்து அம்மா அன்று என்னைக் கேட்டபோது, எனக்கு ஞாபகம் வந்தது பறவைகள் அல்ல. அந்தத் தட்டுதான்.

அவன் இந்தப் பக்கத்தில் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். அவனோடு படித்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள். யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்தால் பெயரை இங்கே எழுத வேண்டாம். எப்போதாவது பார்த்தால், டீச்சர் செய்தது தப்பு, அவரே சொல்லச் சொன்னார் என்று சொல்லுங்கள். போதும்.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள், எல்லோருமே அப்பா அம்மாக்கள். எதைக் கேட்பதானாலும் பிள்ளை சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வரட்டும். அதுவரை காத்திருங்கள்.

மாசிக்குள் யாராவது ஊருக்கு வந்தால் சொல்லுங்கள், கூட்டிப் போகிறேன். கேமரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சாயம் போன சட்டை போட்டு வாருங்கள், பேசாமல் உட்கார வேண்டும். கடைசி பெஞ்சுக்காரர்களுக்கு அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்