ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் ஒரு மூட்டை யூரியாவும்

எங்க வீட்ல இருந்து முதல்முதலா காலேஜுக்குப் போனது என் பொண்ணுதான். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியத்துல நல்ல மார்க் வாங்கின புள்ள, முதல் செமஸ்டர்ல ரெண்டு அரியரோட வந்து நின்னுச்சு. "நின்னுடட்டுமாப்பா?"ன்னு கேட்டுச்சு. நான் பத்தாவதோட நின்ன ஆளு. சொல்லிக் குடுக்க முடியாது, பக்கத்துல உக்காந்து கேட்கத்தான் முடியும்.

ராத்திரியில "மோல், மோல்"னு சத்தமா படிக்கும். எங்கம்மா திண்ணையில இருந்து, "காலேஜ்ல மோளம் அடிக்கவா கத்துக் குடுக்கறாங்க?"ன்னாங்க. ஒரு மோல்னா 6.022 பெருக்கல் 10-இன் 23-ஆம் அடுக்குன்னு பாப்பா சொல்லிச்சு. "அத்தனையும் யாருடி எண்ணினது?"ன்னு ஆயா கேட்டாங்க. பாப்பா புத்தகத்தை மூடிடுச்சு.

பட்டணத்துல நீங்க ஆர்கானிக்னு எழுதியிருந்தா காய்க்குக் கூட ரெண்டு காசு சேர்த்துக் குடுப்பீங்க. ஆனா ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில முதல் பாடத்துலயே யூரியாதாங்க வருது! உயிருள்ள உடம்புலதான் உண்டாகும்னு நம்பிக்கிட்டிருந்த யூரியாவை, 1828-ல வோலர்னு ஒரு ஜெர்மன்காரர் லேப்லயே செஞ்சுட்டாராம்.

யூரியான்னதும் எனக்குத் தைரியம் வந்துச்சு. கொட்டாயில கிடந்த 45 கிலோ மூட்டையைக் கொண்டாந்து போட்டேன். "இதுல தழைச்சத்து எவ்வளவு, கணக்குப் போடு பாப்பா." ஒரு மோல் யூரியா 60 கிராம், அதுல நைட்ரஜன் 28 கிராம். வகுத்தா நூத்துக்கு 46 சொச்சம். மூட்டையைத் திருப்பினா அதுலயும் 46 சதவீதம்னு அச்சடிச்சிருக்கு. "அட, இதுதானாப்பா அது!"ன்னு சிரிச்சுது.

அப்புறம் எனக்கே பாடம் எடுத்துச்சு. மண்ணுல இருக்கற யூரியேஸ்ங்கற நொதி யூரியாவை அம்மோனியாவா மாத்துதாம். உச்சி வெயில்ல மேலால வீசினா அது காத்துல போயிடுமாம், நெடி அடிக்கறது அதுதானாம். அவ்வளவையும் தமிழ்ல அழகாச் சொல்லிச்சு. "இதையே கிளாஸ்ல சொல்ல வேண்டியதுதானே?"ன்னேன். "புரியலன்னு கேட்கறதுக்கே இங்கிலீஷ் வேணுமேப்பா"ன்னுச்சு. அதுக்கு எனக்குச் சிரிப்பு வரல.

இப்ப ஒரு நோட்டுப் போட்டிருக்கோம். இடது பக்கம் நொதி, வலது பக்கம் என்சைம். இடது பக்கம் சவ்வூடு பரவல், வலது பக்கம் ஆஸ்மோசிஸ். தெனமும் பத்து வார்த்தை, நான் கேட்கணும், அது சொல்லணும். அரியர் பரீட்சை அடுத்த மாசம். நின்னுடட்டுமான்ற பேச்சு இப்ப இல்ல. நேத்து உரக்கடையில நான் "நைட்ரஜன் எவ்வளவு சதவீதம்?"னு கேட்டேன். கடைக்காரர் என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு.